வாலில் வைத்த பாட்டு

மெய்ராமுக்கு வேலையும் மண்ணுக்கடியில்தான், பாட்டும் மண்ணுக்கடியில்தான். காலை ஷிப்ட் முடிந்து, கூண்டில் மேலே வந்து, குளித்து, எவ்வளவு தேய்த்தாலும் இமையோரத்துக் கரி போகாத கண்களோடு சுரங்கத்து பஸ்ஸில் கரகண்டா நகரத்துக்கு வந்து இறங்குவான். பெரிய சாலையின் அடியில் நடந்து கடக்க ஒரு பாதை உண்டு. அவன் வீட்டுக்குப் போக அந்தச் சாலையைக் கடக்கவே வேண்டாம். ஆனாலும் படியிறங்குவான். கம்பளிக் காலுறை விற்கிற பெண்களைத் தாண்டி, சூரியகாந்தி விதைத் தொலி காலடியில் நொறுங்க, கடைசியில் இருக்கிற கண்ணாடிப் பெட்டிக்கடை முன்னால் போய் நிற்பான்.

"வந்துட்டியா எலி," என்பாள் உள்ளே உட்கார்ந்திருக்கிற ஃப்ரீதா. "ஒரு நாளைக்கு ஒரு தடவை பொந்துக்குள்ள போனாப் போதும்னு எலிக்கே தெரியும். உனக்குத்தான் ரெண்டு தடவை."

"உன் மூஞ்சியப் பாக்கத்தான் வரேன்க்கா."

"பாத்தாச்சில்ல? நகரு. வெளிச்சத்த மறைக்காத."

இப்போது அவள் விற்பது போன் உறை, உடையாத கண்ணாடி, சார்ஜர் வயர். இருபது இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அதே கண்ணாடிப் பெட்டி கேசட் பதிவு செய்து கொடுக்கிற கடை. இசைத்தட்டு எல்லாம் எங்கிருந்தோ வரும்; அதைக் கேசட்டில் ஏற்றிக் கொடுப்பாள். ஒரு தட்டு, கேசட்டின் ஒரு பக்கத்தை முழுசாக நிரப்பாது. கடைசியில் கொஞ்சம் நாடா மிஞ்சும். மற்ற கடைக்காரர்கள் அதை அப்படியே வெறுமையாக விட்டுக் கொடுப்பார்கள். ஃப்ரீதாவுக்கு அது ஆகாது. வெறும் நாடா சுற்றுகிற சத்தம் எழவு வீட்டுச் சத்தம் என்பாள். மிஞ்சின இடத்தில், கேட்டு வந்த குழுவுக்குக் கிட்டத்தட்ட இருக்கிற வேறு ஒரு குழுவின் பாட்டை வைத்து அனுப்புவாள். அட்டையில் பேர் எழுத மாட்டாள். அதற்கு அவள் வைத்த பேர் வால்.

ஊரில் பாதிப் பேர் வாலையும் அதே குழுவின் பாட்டென்று நினைத்துக் கேட்டார்கள், கல்யாணத்தில் போட்டு ஆடினார்கள், பிள்ளை பெற்றார்கள். ஒன்றிரண்டு பேர் மட்டும் திரும்பி வந்து, "கடைசில வந்தது யாருக்கா?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டவனுக்கு அவள் கடையில் தனி மரியாதை. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டு, "நல்லா இருந்துச்சு" என்கிறவனை அவள் நிமிர்ந்தும் பார்க்க மாட்டாள். நல்லா இருக்கு என்று சொல்கிறவன் கேட்கவே இல்லை என்பது அவள் கட்சி.

மெய்ராம் சுரங்கத்தில் சேர்ந்த புதிதில், ஏதோ ஆட்டப் பாட்டுக் கேசட் ஒன்றை வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் அவள் கடை திறக்கும் முன்னால் வந்து, கையில் பனி அப்பின தொப்பியோடு நின்றான்.

"கடைசில வந்தது யாரு?"

"ஏன், அது வேற குழுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மத்ததுல எல்லாம் மனுசன் எந்திரத்த வாசிக்கிறான். இதுல எந்திரம் மனுசன வாசிக்குது."

ஃப்ரீதா அவனை மேலும் கீழும் பார்த்தாள். அன்றைக்கே அவனுக்குக் 'காது' என்று பேர் வைத்துவிட்டாள். அந்த வாலில் இருந்த குழு இங்கிலாந்துக்காரர்கள் நாலு பேர். குழுவின் பேர் பதினொன்றாம் மாடி. கிட்டார் இரும்பைச் சுரண்டும். அடியில் மேளத்தை மனிதன் அடிக்கவில்லை, பெட்டி அடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே கீபோர்டு, பனிக்காற்று மின்கம்பியில் ஊளையிடுகிற மாதிரி மெல்லிசாக ஓடும். அந்த மெல்லிசில்தான் மெய்ராம் கிறங்கிப்போனான். மூன்று தட்டுப் போட்டுவிட்டுச் சண்டை பிடித்துப் பிரிந்துபோன குழு அது.

"நம்ம ஊர்ல ஒம்பது மாடிக்கு மேல ஒரு கட்டடம் கெடையாது," என்று அவன்கூட வேலை பார்க்கிற போஹ்தான் கிண்டல் செய்வான். "பதினொன்றாம் மாடிக்கு நீ எப்படிடா போவ? அதுலயும் லிஃப்ட்டு வேற ஓடாது."

எப்படியாவது போகத்தான் பார்த்தான். அது மாதிரி இன்னொரு பாட்டு வேண்டும். அதையே திரும்பக் கேட்பதல்ல. கேட்ட அன்றைக்கு முதுகில் ஓடியதே, அது இன்னொரு தடவை ஓட வேண்டும். பெண்டாட்டி, பிள்ளை, வீடு, வேலை எல்லாம் வந்து சேர்ந்தன, இது மட்டும் பாக்கி நின்றது. கேசட் போய் சி.டி. வந்தது, அதுவும் போய் மெமரி கார்டு வந்தது. ஃப்ரீதா தேடுவதை விடவில்லை. எங்கெங்கோ துழாவி, ஸ்வீடன்காரன், போலந்துக்காரன், பிஷ்கெக் பையன்கள் என்று ஒவ்வொரு குழுவாக அவன் போனில் ஏற்றி அனுப்புவாள். கார்டில் மிச்சம் விழுகிற நாடா கிடையாது, ஆனாலும் கடைசியில் பேரில்லாமல் ஒரு பாட்டு இருக்கும். பழக்கம் விடவில்லை.

ஆரம்பத்தில் ஒன்றிரண்டு அவனுக்குத் தேறின. மூன்று வருஷமாக ஒன்றும் தேறவில்லை.

"என்னடா, எப்படி?"

"சேறு."

"என்ன சேறு?"

"சேத்துக்குள்ள நின்னு பாடுறானுங்க. மேல ஒண்ணுமே இல்லக்கா. வெறும் தொம் தொம்னு. இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பதிவு பண்ணவே தெரியல."

"அந்த ஸ்வீடன்காரியக் கேட்டியா? கண்ணாடி மாதிரி இருந்துச்சேடா!"

"கண்ணாடியா? போர்வைக்குள்ள பாடின மாதிரி இருந்துச்சு. உனக்கு வயசாயிடுச்சு. காது போச்சு."

ஃப்ரீதா முன்பெல்லாம் இதற்குச் சண்டைக்கு வருவாள். கொஞ்ச நாளாக வருவதில்லை. "இருக்கும்," என்று சொல்லிவிட்டு, யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருப்பாள்.

சுரங்கத்தில் கரி கொண்டுபோகிற கன்வேயரின் தலைப்பக்கத்து மோட்டாரை ஒட்டித்தான் மெய்ராமின் இடம். அந்த இரைச்சலில் பேசுவதற்குப் பதிலாக எல்லோரும் தலைவிளக்கை ஆட்டிக்காட்டுவார்கள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். மேலே வந்த பிறகும் மெய்ராம் உதட்டைப் பார்த்தே பேசினான். அது தொழில் பழக்கம் என்றுதான் அவன் நினைத்தான். வீட்டில் பெண்டாட்டி ஸெய்னெப் முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, அதற்கு அவள், "கல்யாணம் ஆன எந்த ஆம்பளதான் திரும்புறான்?" என்று சொல்லி முடித்துக்கொண்டாள்.

வருஷா வருஷம் மருத்துவக் குழு முன்னால் நிற்க வேண்டும். காதுக்கு வருகிற டாக்டரம்மா அறையின் ஒரு மூலையில் நின்று எண்களை ரகசியமாகச் சொல்லுவாள். இவன் மறு மூலையில் பக்கவாட்டில் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பாவம், அந்தம்மாவுக்கும் களைப்பு. ஒவ்வொருத்தனுக்கும் புது எண் யோசிக்க முடியுமா? அன்றைக்கு முதலில் வந்தவனுக்குச் சொன்ன எண்கள்தான் கடைசி ஆள் வரைக்கும். முதலில் போய் வருகிறவன் வெளியே வந்து விரலில் காட்டிவிடுவான். சுரங்கத்தில் எல்லாரும் செய்கிறதுதான். காது போனவனை மேலே அனுப்பிவிடுவார்கள். மேலே போனவனுக்குக் கையில் கிடைப்பது விளக்குமாறு.

அந்த இலையுதிர்காலத்திலும் போஹ்தான்தான் முதலில் போனான். வெளியே வந்து மூக்கைச் சொறிகிற சாக்கில் விரல்களைக் காட்டினான். மெய்ராம் உள்ளே போய், சுவரைப் பார்த்து நின்று, இடைவெளி விட்டு விட்டு எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான்.

"அருமையான காது," என்று டாக்டரம்மா எழுதினாள்.

"ஊருக்கே தெரியும் டாக்டர்," என்றான் மெய்ராம். அதை அவன் பொய்யாகச் சொல்லவில்லை. கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். அதற்காக விளக்குமாறு பிடிக்க முடியுமா என்பதுதான் அவன் எண்ணம். பதினொன்றாம் மாடியைப் போட்டால் இன்றைக்கும் ஒரு நூலிழை விடாமல் கேட்கிறதே! அப்புறம் காதில் என்ன கோளாறு இருக்க முடியும்?

அதற்கும் ஒரு நாள் வந்தது. பனி விழுந்து, விழுந்த அன்றே கரியில் கறுத்துப்போன ஒரு நாள். வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். காதில் இயர்போன். பதினொன்றாம் மாடியின் இரண்டாவது தட்டு. கிட்டார் சுரண்டி நின்று, கீபோர்டு மட்டும் தனியாக மேலே ஏறுகிற இடத்தில் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த போஹ்தான் தன் தெர்மாஸ் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, இவன் காதிலிருந்து ஒன்றைப் பிடுங்கித் தன் காதில் வைத்தான்.

"என்ன மச்சான், இதுல ஒண்ணும் வரலையே."

"என்ன?"

"ஒண்ணும் வரலங்கறேன். போனப் பாரு. செத்துக் கெடக்கு."

மெய்ராம் போனை எடுத்தான். சார்ஜ் இறங்கிக் கறுத்துக் கிடந்தது. எப்போது அணைந்ததென்று தெரியவில்லை. போஹ்தான் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தான்.

"கரண்டு வேணாம், பாட்டு வேணாம், இவன் தலையே ரேடியோ! ஸெய்னெப் குடுத்து வச்சவ!"

மெய்ராமும் சிரித்தான். இறங்கும்வரை இயர்போனைக் காதில் மாட்டியே வைத்திருந்தான். பாட்டு உள்ளே ஓடி முடிந்தது.

அந்த வாரத்தில்தான் ஃப்ரீதா விஷயத்தைச் சொன்னாள். கடைக் கண்ணாடியில் போன் உறைகள் பாதி காலி. அட்டைப் பெட்டிகள் தரையில் இருந்தன.

"மகன்கிட்ட போறேன்டா. ஹான்னோவர் பக்கம். காகிதம் எல்லாம் வந்துடுச்சு."

"அங்க போயி என்னக்கா பண்ணுவ?"

"என்ன பண்ணுவேன், உக்காந்து ஜெர்மன்காரி மாதிரி கொட்டாவி விடுவேன். இங்க வாறவன் எல்லாம் கண்ணாடி ஒட்டத்தான் வரான். ஒருத்தனாவது கடைசில வந்தது யாருன்னு கேக்குறானா?"

"நான் இருக்கேன்ல."

"நீயா? நீ சேறுங்கறதத் தவிர வேற வார்த்தைய மறந்து மூணு வருசமாச்சு." அவன் போனை வாங்கி, கார்டைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் செருகினாள். பிறகு அவன் முகத்துக்கு நேராகத் திரும்பினாள். "இதுல ஒரு தட்டு இருக்கு. அது சும்மா. வால்தான் முக்கியம். எனக்கு நாலு மாசமா தூக்கமில்ல இந்த வால்னால. இத விட்டா வேற கெடையாதுடா. நீ பிடிச்சிட்டேன்னா, அங்க போயும் மாசம் ஒண்ணு அனுப்புவேன், சாகிறவரைக்கும். பிடிக்கலன்னா விட்டுருவோம். ரெண்டு பேருக்கும் போதும்."

"பிடிக்காம எங்க போவேன்."

"பாப்போம். சனிக்கிழமை கடையப் பூட்டுறேன்."

அன்றைக்கு மெய்ராம் வீட்டுக்குப் போனதும் சாப்பிடக்கூட இல்லை. மகள் வாங்கிக் கொடுத்த உருண்டை ஒலிபெருக்கி ஒன்று சமையலறை அலமாரியில் உண்டு. அதில் போனை இணைத்து, சத்தத்தை முழுசாகத் திருப்பிவிட்டு, ஜன்னலோரத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். ஸெய்னெப் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தட்டு ஓடியது. அதே தொம் தொம். அதே போர்வை. சேறு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். தட்டு முடிந்தது. வாலுக்காகக் காத்திருந்தான்.

ஒன்றும் வரவில்லை.

எங்கோ தூரத்தில் கீழ்வீட்டுக் கதவை யாரோ இடிக்கிற மாதிரி ஒரு அதிர்வு இருந்தது, அவ்வளவுதான். பொறுத்துப் பார்த்தான். மறுபடி முதலிலிருந்து போட்டான். பெட்டி கட்டுகிற அவசரத்தில் வாலை வைக்க மறந்துவிட்டாள் என்று முடிவு செய்தான். பெரிதாக என்னவோ சொன்னாளே, கடைசியில் வாலே இல்லை. நாளைக்குப் போய் நன்றாகக் கிண்டல் செய்யலாம் என்று நினைத்தபோது அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்போது ஸெய்னெப் வந்து ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தாள். ஜன்னலுக்கடியில் ஓடுகிற வெந்நீர்க் குழாயைக் கையால் காட்டினாள்.

"காது அடைச்சிருக்கா? மேல் வீட்டுக்காரி சத்தம் தாங்காம அரைமணியா கொழாயத் தட்டுறா."

மெய்ராம் குழாயில் கை வைத்தான். தட்டுவது விரலில் தெரிந்தது.

ஸெய்னெப் மாவுக்குத் திரும்பிப் போனாள். பக்கவாட்டில் அவள் வாய் அசைவதை அவன் பார்த்தான். பேசுகிற அசைவு இல்லை. தலை லேசாக ஆடியது. அவனுடைய பாட்டைத் தகர டப்பா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாதவள் அவள்.

"என்ன முணுமுணுக்குற?"

"நானா? ஒண்ணுமில்ல. அதான், உன் தகர டப்பாவுல கடைசியா வந்துச்சே. அது ஒண்ணு மட்டும் பரவால்ல. வாய்ல ஒட்டிக்கிச்சு."

அவன் மறுபடி குழாயில் கை வைத்தான். குழாயில் தட்டுவது நின்றிருந்தது. அதுவும் கைக்குத்தான் தெரிந்தது.

"கடைசியா வந்துச்சா?"

"ஏன், நீ கேக்கலையா? இவ்வளவு நேரம் அது முன்னாலதான உக்காந்திருந்த?"

"கேட்டேன்," என்றான் மெய்ராம். "கேட்டேன். நீ பாடு, சரியா வருதான்னு பாக்கறேன்."

"எனக்கென்ன பைத்தியமா?"

"பாடு ஸெய்னெப்."

அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, கையில் ஒட்டிய மாவோடு கிட்டே வந்து, கூச்சத்தோடு, லா லா என்று பாடினாள். அவள் குரல் கொஞ்சம் கனத்த குரல். அது அவனுக்குக் கேட்டது. இன்னொரு தடவை பாடச் சொன்னான். அப்புறமும் சொன்னான். மாவு காய்கிறதென்று அவள் திட்டுகிற வரைக்கும் கேட்டு, தன் வாயில் ஏற்றிக்கொண்டான்.

நல்ல மெட்டு. அதை அவனால் சொல்ல முடிந்தது. பெண்டாட்டி பாடிக் கேட்டால் எந்த மெட்டும் பெண்டாட்டியின் மெட்டாகத்தான் இருக்கும் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. முதுகில் ஒன்றும் ஓடவில்லை.

மூன்று வருஷமாக வந்த குழுக்களை எல்லாம் அன்றைக்கு நினைத்துப் பார்த்தான். ஸ்வீடன்காரி, போலந்துக்காரன், பிஷ்கெக் பையன்கள். ஒவ்வொருத்தரையும் சேறு என்று அனுப்பி வைத்தான். அவர்களில் யாரோ ஒருத்தர் அவன் தேடினதாகவே இருந்திருக்கலாம். வாசல்வரை வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

உண்மையைச் சொல்லிவிடுவதா என்று சனிக்கிழமை வரை யோசித்தான். சொன்னால் மாசம் ஒரு வால் வராது. வந்து என்ன ஆகப்போகிறது? அது வேறு கேள்வி. வருவது நின்றால், காது என்று அவனைக் கூப்பிட உலகத்தில் ஆளில்லை. சுரங்கத்துப் பழக்கம்தான் கைகொடுத்தது: இன்னொருத்தர் விரலில் காட்டினதைச் சரியான நேரத்தில் சொல்லிவிட்டால் போதும்.

சனிக்கிழமை அவன் போனபோது கடை காலி. ஃப்ரீதா கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். பாதையில் காற்று அள்ளிக்கொண்டு போனது. மெய்ராம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முதல் நாள் நின்ற மாதிரி நின்றான்.

"கடைசில வந்தது யாருக்கா?"

அவள் கையில் இருந்த டேப் நின்றது. அவன் வாய்விட்டு மெட்டைப் பாடினான். காலுறை விற்கிற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஃப்ரீதாவின் முகம் விரிந்த விரிவை அவன் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"காது! டேய் காது!" அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நான் செத்தேன்னு நெனச்சேன்டா. என் காது செத்துடுச்சுன்னு நெனச்சேன். கேளு, இவனுங்க இங்கிலாந்தும் இல்ல எழவும் இல்ல. தெமிர்தாவ் பசங்க! இரும்பு ஆலைல வேலை பாக்குற மூணு பேரு. பக்கத்து ஊருடா! சொல்லு, எது உன்னப் பிடிச்சுது? எந்த எடம்?"

அவள் சந்தோஷம் அவனையும் தூக்கிக்கொண்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"அந்தப் பொண்ணு கொரல்தான்க்கா. அவ பாட ஆரம்பிச்சதும்..."

"எந்தப் பொண்ணு?"

"பாடுறாளே, அவதான்."

ஃப்ரீதா கையை அவன் தோளிலிருந்து எடுத்தாள்.

"அதுல யாரும் பாடலடா," என்றாள். "மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் கீபோர்டு. மெல்லிசா, ஒசரத்துல. வேற ஒண்ணுமே கெடையாது அதுல."

"அதத்தான் சொல்றேன். கொரல் மாதிரியே..."

அவள் திரும்பிப் பெட்டிமேல் குனிந்தாள். டேப்பை இழுத்து ஒட்டினாள். ரொம்ப நேரம் ஒட்டினாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"பதில் சொல்லு."

"என்ன?"

"இப்பக் கேட்டேனே, குனிஞ்சுகிட்டு. என்ன கேட்டேன்?"

மெய்ராம் காலியான கண்ணாடித் தட்டுகளைப் பார்த்தான்.

"யாரு பாடிக் காட்டினா?"

"ஸெய்னெப்."

"எத்தன வருசமா இப்படி?"

"கொஞ்சம் மந்தம்தான்க்கா. கன்வேயர் பக்கத்துல நிக்கிற எல்லாருக்கும்..."

"மந்தமா?" அவள் குரல் ஏறியிருக்க வேண்டும், காலுறைப் பெண்கள் மறுபடி திரும்பினார்கள். "மூணு வருசமா சேறு சேறுன்னு சொன்னியே, நான் என்ன நெனச்சேன் தெரியுமா? எனக்குத்தான் எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். ராத்திரியில எந்திரிச்சு ஒவ்வொண்ணா போட்டுப் போட்டுப் பாப்பேன். எனக்குக் கண்ணாடியாத் தெரியுது, காதுன்னு நான் பேர் வச்சவனுக்குச் சேறாத் தெரியுது. அப்ப நான்தான் பொய்னு நெனச்சேன். கடைய ஏன் மூடுறேன்னு நெனச்ச? உன்னாலதான்டா பாதி."

அவள் உதடுகளிலிருந்து அவன் எல்லாவற்றையும் படித்தான். ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை.

"அப்ப அதெல்லாம்... ஒண்ணுகூடவா சேறு இல்ல?"

ஃப்ரீதா மூக்கைத் துடைத்தாள். யோசித்தாள். அந்த நிலையிலும் அவளால் இந்த விஷயத்தில் பொய் சொல்ல முடியாது.

"அந்த பல்காஷ்காரனுங்க குழு மட்டும்," என்றாள். "அது நெசமாவே சேறு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. மெய்ராம் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் படியேற்றி, மேலே நின்ற வண்டியில் வைத்தான். வண்டி புறப்படும்போது அவள் கண்ணாடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். மூச்சுப் பட்டுக் கண்ணாடி புகைந்துபோயிருந்ததால் உதடு தெரியவில்லை. அவன் கையை ஆட்டினான்.

இனி ஒன்றும் வராதென்றுதான் இருந்தான். வந்தது. பனி உருகிச் சகதியாகிக் கிடந்த ஒரு நாள், போன் சட்டைப்பையில் நடுங்கியது. ஃப்ரீதாவிடமிருந்து பேரில்லாத ஒரு பாட்டு. அடியில் ஒரே வரி: 'வால். எப்படி?'

மெய்ராம் சமையலறைக்குப் போய் ஒலிபெருக்கியை மேசையில் இறக்கி வைத்துப் போட்டான். அதன் சின்ன நீல விளக்கு எரிந்தது. மேசைமேல் அதன் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஸெய்னெப்பின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தான். அவள் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?"

அவள் அவன் பக்கம் திரும்பினாள். இப்போதெல்லாம் திரும்பித்தான் பேசுகிறாள். "நல்லா இருக்கு."

"நல்லான்னா எப்படி?"

"நல்லான்னா நல்லாத்தான்யா. என்னத்தச் சொல்றது? கீழ டும் டும்னு அடிக்குது. மேல கிய்யின்னு என்னமோ வருது."

"கிய்யின்னா? ஊசி மாதிரியா, கம்பி மாதிரியா?"

"கிய்யின்னா கிய்தான்."

"பதினொன்றாம் மாடி மாதிரி இருக்கா?"

"எனக்கு எல்லாமே ஒண்ணு மாதிரித்தான் இருக்கும், உனக்குத் தெரியாதா?"

அடுப்புப் பக்கம் திரும்பிக் கிழங்கைப் புரட்டினாள். சட்டென்று அவள் கை அப்படியே நின்றது. கரண்டி அந்தரத்தில் இருந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாட்டில் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது. மெய்ராம் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

"என்ன? இப்ப என்ன வந்துச்சு?"

ஸெய்னெப் யோசித்தாள். நிஜமாகவே சொல்லிவிட வேண்டும் என்றுதான் யோசித்தாள். வாயைத் திறந்தாள். பிறகு கரண்டியை இறக்கினாள்.

"தெரியல," என்றாள். "போயிடுச்சு."

பாட்டு முடிந்து நீல விளக்கு அணைந்தது. அவன் போனைக் கையில் எடுத்தான். அங்கே ஒருத்தி பதிலுக்காக உட்கார்ந்திருப்பாள். ஊசி, கம்பி, பனி, கண்ணாடி என்று என்னென்னவோ வார்த்தைகள் அவனிடம் இருந்தன, வைப்பதற்கு இடமில்லை. கடைசியில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான்: 'நல்லா இருக்குக்கா.'

படித்துப் பார்த்தான். அனுப்பினான். ஸெய்னெப் அவன் தோளைத் தட்டி, தட்டை முன்னால் வைத்தாள்.